ஹெட்போன் வயர் போச்சு: பின் மாற்றுவதா, கேபிளே செய்வதா, வாங்கிவிடுவதா?

ஹெட்போன் அவ்வளவு சீக்கிரம் சாகாது, சாவது வயர்தான். அதுவும் நட்டநடுவில் அறுவது அபூர்வம். போனில் சொருகும் பின்னிலிருந்து இரண்டு விரற்கடை தூரத்தில், இல்லாவிட்டால் காதுக் கப்புக்குள் வயர் நுழையும் வாயில், இந்த இரண்டு இடத்தில்தான் உயிர் போகும். முதலில் ஒரு பக்கம் மட்டும் கேட்கும், வயரை ஒரு கோணத்தில் மடக்கிப் பிடித்தால் இன்னொரு பக்கம் திரும்பி வரும், அப்படியே மடக்கிப் பிடித்துக் கொஞ்ச நாள் ஓட்டுவோம், அப்புறம் அதுவும் முடிந்துவிடும்.

அந்தக் கட்டத்தில் நமக்கு இருக்கும் வழிகள் நான்கு. பழைய வயரை வெட்டிப் புது 3.5 மி.மீ. பின் வைப்பது, முழுக் கேபிளையும் நாமே செய்வது, ரெடிமேடாக வாங்குவது, ஹெட்போனையே திறந்து கழற்றி மாட்டும் சாக்கெட் ஒன்றைப் பதிப்பது. யூடியூபில் பின்னல் போட்ட பளபள கேபிளைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் இரண்டாவதுதான் ஆசை. என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான ஆட்களுக்கு முதல் வழியே போதும், கேபிள் கழற்ற முடிகிற இயர்போன் ஆசாமிகளுக்கு மூன்றாவது, கேபிள் கழற்றும் வசதியுள்ள பெரிய ஹெட்போன் வைத்திருப்பவர்களுக்குத்தான் இரண்டாவது லாபம். எதைச் செய்தாலும் காசை உலோகத்தில் போடாதீர்கள், வயர் மடங்கும் அந்த இரண்டு இடத்தில் போடுங்கள்.

ஆனால் எந்த வழி என்று முடிவெடுக்கும் முன், எங்கே அறுந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். இதைச் செய்யாமல் நேரே கத்தரிக்கோலை எடுக்கிறவர்கள்தான் அதிகம்.

எங்கே போயிருக்கிறது?

முதலில் ஹெட்போனை வேறு போனிலோ லேப்டாப்பிலோ மாட்டிப் பாருங்கள். போன் சாக்கெட்டுக்குள் சட்டைப்பைப் பஞ்சு அடைத்துக்கொண்டு பின் முழுசாக உள்ளே போகாமல் நிற்பது ரொம்பச் சாதாரணம், போனை அணைத்துவிட்டு ஒரு பல்குத்தியால் நோண்டி எடுத்தால் வேலை முடிந்தது. அதுவும் இல்லை என்றால், கேட்கும் சத்தமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

ஒரு பக்கம் மட்டும் ஊமை என்றால் அந்தப் பக்கத்துச் சிக்னல் வயர் போயிருக்கிறது. இரண்டு பக்கமும் கேட்கிறது, வயலினும் கோரஸும் எதிரொலியும் எல்லாம் இருக்கிறது, பாடுகிறவர் குரலை மட்டும் காணோம் என்றால் போனது கிரவுண்ட், அதாவது இரண்டு பக்கத்துக்கும் பொதுவான திரும்பும் வயர். பொது வயர் அறுந்ததும் இடது ஸ்பீக்கரும் வலது ஸ்பீக்கரும் வரிசையாகச் சேர்ந்துகொண்டு, இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் வாசிக்கின்றன. குரலைப் பெரும்பாலும் நடுவில், இரண்டு பக்கமும் சமமாக வைத்துத்தான் பாட்டை மிக்ஸ் செய்வார்கள், அதனால் குரல் கழிந்து பூஜ்யம் ஆகிவிடுகிறது. பலர் இதைக் கேட்டுவிட்டு ஸ்பீக்கரே போய்விட்டது என்று ஹெட்போனைத் தூக்கி ஓரம் போட்டுவிடுகிறார்கள். பாவம்.

இதே குரல் காணாமல் போகும் கோளாறு மைக் வைத்த இயர்போனில் இன்னொரு காரணத்தாலும் வரும். நான்கு பட்டை உள்ள 3.5 பின்னில் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. இப்போது எல்லோரும் பின்பற்றும் சிடிஐஏ முறையில் நுனி இடது, அடுத்த வளையம் வலது, மூன்றாவது கிரவுண்ட், அடிப்பட்டை மைக். பழைய ஓஎம்டிபி முறையில் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும். ஒன்றுக்கான இயர்போனை இன்னொன்றில் மாட்டினால் கிரவுண்ட் போக வேண்டிய பாதையில் மைக் வந்து உட்கார்ந்துகொள்ளும். கண்டுபிடிக்க எளிய வழி, இயர்போனில் போன் அழைப்பை எடுக்க இருக்கும் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். அழுத்தும்போது மட்டும் குரல் திரும்பி வந்தால் அறுந்தது எதுவும் இல்லை, பின் வகைதான் பொருந்தவில்லை. வெட்டத் தேவையே இல்லை, ஒரு அடாப்டர் போதும்.

அடுத்து மல்டிமீட்டர். விலை குறைந்த டிஜிட்டல் மீட்டரே தாராளம். ஓம் அளவில் வைத்து நுனிக்கும் அடிக்கும், பிறகு நடு வளையத்துக்கும் அடிக்கும் அளந்து பாருங்கள். 32 ஓம் என்று போட்ட ஹெட்போனில் இரண்டும் 30-ஐ ஒட்டி, ஒன்றுக்கொன்று சமமாக வர வேண்டும். நுனிக்கும் வளையத்துக்கும் நடுவே அளந்தால் அதன் இரட்டிப்பு. முதல் இரண்டும் ஒன்றும் காட்டாமல் மூன்றாவது மட்டும் சரியாகக் காட்டினால், மேலே சொன்ன கிரவுண்ட் கதை உறுதியாகிவிட்டது. அளவு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் எங்கேயோ ஷார்ட். மீட்டர் முனையை வைக்கும்போது காதுக் கப்பில் டிக் என்று சத்தம் வரும், அது நல்ல சகுனம், ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொண்டு இந்த வேலை வேண்டாம்.

மீட்டர் முனைகளை அப்படியே பிடித்துக்கொண்டு, வயரைப் பின் பக்கத்திலிருந்து அங்குலம் அங்குலமாக மடக்கிக்கொண்டே போங்கள். எண் குதிக்கும் இடம்தான் அறுந்த இடம். அது பின் பக்கம் என்றால் முதல் வழி. கப்பின் வாயில் என்றால் கப்பைத் திறந்தாக வேண்டும். ரிமோட் பெட்டிக்குள் என்றால், மைக் இல்லாமல் வாழத் தயாரா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

பின் மட்டும் மாற்றுவது

இதுதான் மலிவு, இதுதான் வேகம். வேண்டியது 25 வாட் சால்டரிங் அயர்ன், லெட் (உருக்கிப் பற்றவைக்கும் கம்பி), கொஞ்சம் சால்டரிங் பேஸ்ட், சூடு பட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் டியூப், ஒரு நல்ல பின். லெட் வாங்கும்போது 63/37 (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்) கேட்டு வாங்குங்கள், அது 183 டிகிரியில் டக்கென்று உருகி டக்கென்று இறுகும். ஈயமில்லாத வகைகளுக்கு 217-ஐத் தாண்டிச் சூடு வேண்டும், பின்னுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் அதைத் தாங்குமா என்பது பின்னின் தரத்தைப் பொறுத்தது.

இதில் உள்ள ஒரே கஷ்டம் வயரின் உள்ளே இருக்கிறது. மெல்லிய இயர்போன் வயரை உரித்தால் உள்ளே சிவப்பு, பச்சை, செம்பு நிறத்தில் தலைமுடி மாதிரி இழைகள் வரும், நடுவே வெள்ளை நூலும் கலந்திருக்கும். அந்த நிறம் பெயின்ட் இல்லை, எனாமல் பூச்சு. செம்பு நிறமாகத் தெரிவதற்கும் பெரும்பாலும் நிறமில்லாத பூச்சு இருக்கும். இந்தப் பூச்சின் மேல் லெட் ஒட்டவே ஒட்டாது. முறுக்கிக் கட்டி டேப் சுற்றிவிட்டு ஏன் கேட்கவில்லை என்று தலையைச் சொறிகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் மாட்டுகிறார்கள். பூச்சை எரிக்க வேண்டும். லைட்டரால் பொசுக்கினால் இழையும் சேர்ந்து முறுகிப் பொடியாகிவிடும், அது வேண்டாம். அயர்ன் முனையில் ஒரு பெரிய லெட் துளியை நிற்க வைத்து, இழையின் நுனியை அந்தத் துளிக்குள் சில நொடிகள் முக்கிப் பிடியுங்கள். முதலில் ஒன்றும் ஆகாது, பிறகு லேசாகப் புகை கிளம்பும், நுனியிலிருந்து சிவப்பு நிறம் பின்வாங்கிக்கொண்டே போய் அந்த இடத்தில் வெள்ளி நிறம் ஏறும். அதைப் பார்த்ததும் எடுத்துவிடலாம். அந்தப் புகையை முகர வேண்டாம், ஜன்னல் பக்கம் உட்காருங்கள். நூலை முன்கூட்டியே வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கருகி லெட்டோடு கலந்துகொள்ளும்.

நிறத்தைப் பொறுத்தவரை சிவப்பு வலது, பச்சையோ நீலமோ இடது, செம்பு நிறம் கிரவுண்ட் என்பது பொதுவான வழக்கம். வழக்கம்தான், சட்டம் இல்லை. வெள்ளி நிறம் ஏறிய நுனிகளை மீட்டரால் ஜோடி ஜோடியாக அளந்துவிடுங்கள், எந்த ஜோடி இரட்டிப்பு ஓம் காட்டுகிறதோ அந்த இரண்டும் சிக்னல், மிச்சம் இருப்பது கிரவுண்ட். எது இடது என்று தெரிய மீட்டரின் டிக் சத்தம் எந்தக் கப்பில் வருகிறது என்று கவனித்தால் போதும். சில கேபிளில் நான்கு வயர் இருக்கும், கிரவுண்ட் இரண்டு, இரண்டையும் சேர்த்து அடிப்பட்டைக்குக் கொடுக்க வேண்டியதுதான்.

பின்னைத் திறந்தால் மூன்று நாக்கு தெரியும். நடுவில் இருக்கும் சின்னது நுனிக்குப் போகிறது, அங்கே இடது. அதை ஒட்டிய அடுத்தது வளையம், அங்கே வலது. நீளமாக வாலுடன் இருப்பது அடி, அங்கே கிரவுண்ட். சூடு வைக்கும் முன் பின்னை ஒரு பழைய சாக்கெட்டுக்குள் சொருகிக்கொள்ளுங்கள், உள் பிளாஸ்டிக் இளகினாலும் பட்டைகள் இடம் மாறாது, சூட்டிலும் ஒரு பகுதியை அது வாங்கிக்கொள்ளும். அடி நாக்கு பெரிய உலோகம், நிறையச் சூடு குடிக்கும், அதற்கு முதலிலேயே லெட் ஏற்றி ஆறவிட்டுவிட்டு மற்ற இரண்டுக்கு வாருங்கள். மூடியையும் ஷ்ரிங்க் டியூபையும் வயரில் முன்னாலேயே கோத்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

பின்னோடு ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய் வரும். என்னவோ பேக்கிங் சாமான் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அது நாக்குகளுக்கும் உலோக மூடிக்கும் நடுவே நிற்க வேண்டியது. அது இல்லாமல் மூடியைத் திருகினால் வளையத்தின் லெட் மேடு மூடியில் உரசி வலது பக்கம் ஷார்ட் ஆகும். மூடி திறந்திருக்கும்போது நன்றாகக் கேட்கிறது, மூடினால் ஒரு பக்கம் போகிறது என்று யாராவது சொன்னால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

வாலில் இருக்கும் இரண்டு நகங்கள்தான் இந்தப் பின்னின் ஆயுள். அவை வயரின் மேல் உறையைக் கவ்வ வேண்டும், உள் இழையை அல்ல. மெல்லிய வயர் என்றால் நகம் கவ்வ ஒன்றும் இருக்காது, அதனால் வயர் மேல் இரண்டு மூன்று அடுக்கு ஷ்ரிங்க் போட்டுத் தடிமன் ஏற்றிவிட்டுக் கவ்வவிடுங்கள். அறுந்த இடத்தை மட்டும் வெட்டினால் போதாது, அதற்கு மேலும் சில சென்டிமீட்டர் தள்ளி வெட்டுங்கள், பக்கத்து இழைகளும் பாதி நொந்துதான் இருக்கும்.

டைப்-சி பின் வைத்த இயர்போனுக்கு இதெல்லாம் பொருந்தாது. பெரும்பாலானவற்றில் பின்னுக்குள்ளேயே ஒரு சிப் உட்கார்ந்திருக்கிறது, பின்னை வெட்டினால் அதுவும் போச்சு.

முழுக் கேபிளையும் செய்வது

கேபிள் கழற்ற முடிகிற ஹெட்போன் என்றால் இங்கே வரலாம். எதற்காகச் செய்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். சரியான நீளம், சட்டையில் உரசினாலும் காதில் சத்தம் வராத மென்மை, மடங்கும் இடத்தில் பலம், இந்த மூன்றுக்காகச் செய்தால் திருப்தி நிச்சயம். ஒலி மாறும் என்று செய்தால் கணக்கு உதைக்கும்.

கணக்கைப் போட்டுவிடலாம். கேஜ் என்பது வயரின் தடிமன் எண், எண் குறையக் குறையத் தடிமன் கூடும். 28 கேஜ் செம்பு வயருக்கு மீட்டருக்கு சுமார் 0.21 ஓம். ஒன்றரை மீட்டர் கேபிளில் போக 0.32, வர 0.32, மொத்தம் 0.64 ஓம். 32 ஓம் ஹெட்போனில் இதனால் குறையும் சத்தம் 0.2 டெசிபலுக்கும் கீழே. 300 ஓம் சென்ஹைசர் எச்டி 600-இல் அதையும் தேடிப் பிடிக்க முடியாது. கிரவுண்ட் வயர் பொதுவாக இருப்பதால் ஒரு பக்கத்து ஒலி மறுபக்கம் கசியும், அது 32 ஓமில் சுமார் 40 டெசிபல் கீழே நிற்கும். கிரவுண்டுக்கு இரண்டு வயர் கொடுத்தால் இன்னும் 6 டெசிபல் இறங்கும். அவ்வளவுதான். விதிவிலக்கு ஒன்று இருக்கிறது, பல டிரைவர், அதாவது குட்டி ஸ்பீக்கர், வைத்த இயர்போன்களில் சில அதிர்வெண்களில் மின்தடை சில ஓம் வரைக்கும் விழும், அங்கே கேபிளில் ஒரு ஓம் கூடினால் ஒலியின் சாயல் உண்மையிலேயே மாறும். மாறும் என்றால் நல்லதுக்கு மாறும் என்று அர்த்தம் இல்லை.

வெள்ளி வயர் என்று ஒரு மோகம் உண்டு. செம்பைவிட வெள்ளி மின்சாரம் கடத்துவதில் மேலானது, ஆனால் ஆறு சதவீதம்தான் மேல். செம்பிலேயே ஒரே ஒரு கேஜ் தடிமன் கூட்டினால் மின்தடை இருபது சதவீதம் குறைகிறது. வெள்ளிக்குக் கொடுக்கும் காசைச் சேட்டுக் கடையில் கொடுத்தால் கொலுசாவது கிடைக்கும்.

அப்படியானால் எந்த வயர்? ஸ்டூடியோக்காரர்கள் மைக்குக்குப் பயன்படுத்தும் நான்கு வயர் கேபிள்கள்தான் செய்கிறவர்களின் வழக்கமான தேர்வு. கனாரே எல்-4இ6எஸ், மொகாமி 2534 இரண்டும் நல்ல சரக்கு, ஆனால் 6 மி.மீ. தடிமன், சாதாரண 3.5 பின்னின் வாலுக்குள் நுழையாது, நுழைக்கிறேன் என்று உறையைச் சீவினால் பலம் போய்விடும். மேஜை மேல் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வைத்து 6.35 மி.மீ. பெரிய பின்னில் முடிக்கிறவர்களுக்கு அவை சரி. நடமாடுகிறவர்களுக்கு மொகாமி 2893, ஒவ்வொரு வயரும் 26 கேஜ், மொத்தத் தடிமன் 5 மி.மீ.க்குள், கைக்கு இதமாக வளையும். ஒன்றை மட்டும் சொல்லு என்றால் என் ஓட்டு இதற்குத்தான். நான்கு வயரில் ஒன்று இடது, ஒன்று வலது, மிச்சம் இரண்டும் கிரவுண்ட். மேலே சுற்றியிருக்கும் ஷீல்டைப் பின் இருக்கும் முனையில் மட்டும் அடிப்பட்டையோடு சேர்க்கலாம், வெட்டியும் விட்டுவிடலாம், ஹெட்போன் கேபிளுக்கு ஷீல்டு தேவையே இல்லை. இந்த வகைக் கேபிளில் கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை) அதிகம், உச்ச ஒலிகளை வெட்டிவிடும் என்று பயமுறுத்துவார்கள். ஆம்பின் வெளியீட்டு மின்தடை பத்து ஓம், கேபிளில் 500 பிக்கோஃபாரட் என்று வைத்தாலும் அது வெட்டும் அதிர்வெண் 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே போகிறது, நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும்.

நெட்வொர்க் கேபிளைப் பிரித்துப் பின்னல் போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சுவருக்குள் ஓடும் வகையில் ஒவ்வொரு வயரும் ஒற்றைக் கம்பி, பத்துத் தடவை மடக்கினால் முறிவதற்கென்றே பிறந்தது. வேண்டாம். அதைவிடப் பழைய யூஎஸ்பி கேபிள் பழகிப் பார்க்க நல்லது, நான்கு வயர், நிறம் தெளிவு, போனாலும் வருத்தம் இல்லை. மலிவாகக் கிடைக்கும் பளபள வயர்களில் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதும் கலந்து வருகிறது. கத்தியால் ஒரு இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும், அதை வாங்காதீர்கள், லெட்டும் சரியாகப் பிடிக்காது, சீக்கிரமே முறியும்.

நூல் உறை போட்ட தடித்த பின்னல் கேபிள் படத்தில் அழகாகத்தான் இருக்கும். நடக்கும்போது சட்டை பட்டனில் உரசும் ஒவ்வொரு உரசலும் காதுக்குள் கேட்கும்.

ஹெட்போன் பக்கத்துப் பின்தான் உண்மையான தலைவலி, பலர் இங்கே வந்துதான் பாதியில் விடுகிறார்கள். ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸில் 2.5 மி.மீ. சாக்கெட், ஆனால் கப்புக்குள் ஆழத்தில், திருகிப் பூட்டும் அமைப்போடு இருக்கிறது, கடையில் கிடைக்கும் தடித்த 2.5 பின் வாசலிலேயே நின்றுவிடும். சென்ஹைசர் எச்டி 599-உம் 2.5 தான், பூட்டும் விதம் வேறு. எச்டி 600, 650 இரண்டிலும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கால் பின், ஒரு கால் தடிமன், ஒன்று மெலிசு, தலைகீழாக மாட்ட முடியாது, அந்த வடிவப் பின்னைத் தேடித்தான் வாங்க வேண்டும். இருப்பதிலேயே செய்ய வசதியானது ஏகேஜி கே240, அதில் மூன்று கால் மினி எக்ஸ்எல்ஆர், அது பொதுவான சாமான், ஒன்றாவது கால் கிரவுண்ட், இரண்டு இடது, மூன்று வலது. முதன்முதலாகக் கேபிள் செய்கிறவர் கையில் இந்த ஹெட்போன் இருந்தால் யோசிக்காமல் இறங்கலாம். ஹைஃபைமேன் சன்டாரா மாதிரி இரண்டு கப்பிலும் 3.5 சாக்கெட் உள்ளவையும் எளிதுதான், ஆனால் அந்த 3.5-இல் வளையத்தை எங்கே கட்டியிருக்கிறார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழைய கேபிள் அறுந்ததாக இருந்தாலும் அதைக் கடாசாதீர்கள். எந்தப் பட்டை எந்தக் காலுக்குப் போகிறது என்று மீட்டரின் பீப் வைத்து அதில் அளந்து ஒரு காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள், இணையத்தில் கிடைக்கும் எந்தப் படத்தையும்விட அது நம்பகமானது.

பேலன்ஸ்டு கேபிள், அதாவது பொது கிரவுண்ட் இல்லாமல் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி பிளஸ் மைனஸ் உள்ள கேபிள், செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 4.4 மி.மீ. அல்லது நான்கு கால் எக்ஸ்எல்ஆரில் முடித்த ஹெட்போனை, அடாப்டர் வைத்துச் சாதாரண 3.5 சாக்கெட்டில் போடுவது பாதுகாப்பானது. இதன் நேரெதிர், அதாவது பேலன்ஸ்டு ஆம்பிலிருந்து சாதாரண மூன்று பட்டைப் பின்னுக்கு அடாப்டர் செய்வது, ஆம்பைக் கொல்லும் வேலை. இடது மைனஸும் வலது மைனஸும் அந்த ஆம்பில் கிரவுண்ட் அல்ல, இரண்டும் தனித்தனியாக ஓடும் வெளியீடுகள், அவற்றைச் சேர்த்தால் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகும்.

ரெடிமேட்

எம்எம்சிஎக்ஸ் (வட்டமாக அழுத்தி மாட்டும் வகை) அல்லது 0.78 மி.மீ. டூ-பின் (இரண்டு ஊசி வகை) கொண்ட, கேபிள் கழற்றும் இயர்போன் வைத்திருந்தால் செய்யும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். சில நூறு ரூபாய்க்கு நல்ல மெல்லிய கேபிள் கிடைக்கிறது. காது மடலைச் சுற்றி வளையும் அந்தக் குழாய், பின் முனையில் அச்சு வார்த்த ரப்பர், இதையெல்லாம் வீட்டில் அந்த அளவுக்குச் சுத்தமாகச் செய்ய முடியாது, அந்தப் பின்கள் மட்டும் தனியாக வாங்கினாலே கேபிள் விலையில் பாதியைத் தொட்டுவிடும். எம்எம்சிஎக்ஸை மட்டும் அடிக்கடி கழற்றி மாட்டாதீர்கள், ஏறக்குறைய 500 தடவைக்கு என்று வடிவமைத்தது அது, தேய்ந்துவிட்டால் தலையை அசைக்கும்போதெல்லாம் லூஸ் கான்டாக்ட்.

வாங்கிய கேபிள் சரியாகத்தான் இருக்கும் என்றும் நம்ப வேண்டாம். டூ-பின் கேபிளில் ஒரு பக்கம் மட்டும் பிளஸ் மைனஸ் மாறி வருவது நடக்கிற விஷயம். சத்தம் இரண்டு பக்கமும் வரும், ஆனால் பேஸ் மெலிந்துபோய், குரல் நடுவில் நிற்காமல் தலைக்கு வெளியே எங்கோ கலைந்து கேட்கும். இரண்டு பக்கமும் ஒரே ஒலி வரும் மோனோ பாட்டு ஒன்றைப் போட்டுக் கேளுங்கள், குரல் நெற்றி நடுவில் ஊசியாக நிற்கவில்லை என்றால் ஒரு பக்கத்துப் பின்னைத் திருப்பிச் சொருகிப் பாருங்கள். நீங்களே செய்த கேபிளுக்கும் இதே சோதனைதான்.

எம்50எக்ஸுக்கும் என் யோசனை ரெடிமேட்தான், அந்தப் பூட்டும் பின்னுக்காக. பெட்டியிலேயே மூன்று கேபிள் வரும், அதில் மற்ற இரண்டும் எங்கே என்று முதலில் பரண்மேல் தேடுங்கள்.

சாக்கெட் பதிப்பது

சோனி எம்டிஆர்-7506, பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ போன்றவற்றில் கேபிள் கழற்ற முடியாது, இடது கப்புக்குள் நேரே போய் முடிகிறது. அங்கே ஒரு 3.5 சாக்கெட்டையோ மினி எக்ஸ்எல்ஆரையோ பதித்துவிட்டால் இனிமேல் கேபிள் போனால் கவலை இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கப்புக்குள் இடம் குறைவு, துளை போடும்போது விழும் உலோகத் துகள் ஸ்பீக்கர் காந்தத்தில் போய் ஒட்டினால் கரகரப்பு நிரந்தரம், மூடிய கப்பில் காற்றுக் கசிவு வந்தால் பேஸ் போய்விடும். ஸ்பீக்கரை முழுசாகக் கழற்றி வைத்துவிட்டுத் துளை போடப் பொறுமை உள்ளவர்கள் செய்யலாம். மற்றவர்கள் கப்பைத் திறந்து, அறுந்த வாயை வெட்டி, அதே வயரைப் பழைய லெட் புள்ளிகளிலேயே திரும்பப் பற்றவைத்து, உள்ளே ஒரு முடிச்சுப் போட்டு மூடினால் பல வருஷம் ஓடும். முடிச்சு முக்கியம், இழுப்பு அங்கே நிற்க வேண்டும், லெட்டுக்குப் போகக் கூடாது.

முடிவாக எதை?

பின் பக்கம் அறுந்திருக்கிறது, வயர் கொஞ்சமாவது தடிமன் என்றால் எந்த ஹெட்போனாக இருந்தாலும் பின் மாற்றுங்கள். கே240, சன்டாரா வகையறா, கேபிள் நீளம் ஒத்துவரவில்லை என்றால் 2893 வாங்கிச் செய்யுங்கள். எச்டி 600-க்கு, பின் கிடைத்தால் செய்யலாம், கிடைக்காவிட்டால் வாங்கலாம், இரண்டும் சமம். டூ-பின், எம்எம்சிஎக்ஸ், எம்50எக்ஸ் ரெடிமேட். முந்நூறு ரூபாய் இயர்போனுக்குப் பின் மாற்றுவது சால்டரிங் பழகுவதற்காக என்றால் மட்டும் சரி.

பின் வாங்க சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட் போகிறவர்கள், நியூட்ரிக்கோ அவர்களின் ரீன் பிராண்டோ அசலாகக் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் இல்லாத பின்தான் இருக்கிறது என்றால் காசு கொடுக்கும் முன் நுனியை இரண்டு விரலால் பிடித்துத் திருகிப் பாருங்கள். மலிவுப் பின்னில் நுனியை உள்ளே ரிவெட் அடித்துத்தான் நிறுத்தியிருப்பார்கள், இப்போதே லேசாகச் சுற்றுகிறது என்றால் ஒரு தடவை சூடு பட்டதும் முழுசாகத் தளர்ந்துவிடும், அப்புறம் இடது பக்கம் வருவதும் போவதுமாக இருக்கும், நீங்கள் உங்கள் சால்டரிங்கைத் திட்டிக்கொண்டு திரும்பத் திரும்பப் பிரித்துப் பார்ப்பீர்கள். மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லி அந்தப் பிளாஸ்டிக் குழாயும் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எடுக்கும்போது இரண்டாக எடுங்கள், முதலாவதில் பிளாஸ்டிக் உருகினாலும் இரண்டாவதை வைத்து அன்றைக்கே வேலை முடியும்.